பனங்கிழங்கின் அப்பா

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் செல்லத்துரையின் கடைக்குப் பெரிய பெயர்ப் பலகை இருக்கிறது. யாரும் அதை அண்ணாந்து பார்ப்பதில்லை. இட்லி அரிசி வேண்டுமானாலும் கருப்பட்டி வேண்டுமானாலும் "அண்ணாச்சி கடைக்குப் போ" என்றால் போதும். அண்ணாச்சிக்கு நாற்பத்தாறு வயது. தொப்பை, வெள்ளைப் பனியன், காதோர நரை, மூக்கு நுனியில் கண்ணாடி. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் இந்த மனிதர் காணாமல் போய்விடுவார். அதன்பிறகு அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது பனங்கிழங்கு என்கிற இருபது வயதுப் போராளி.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் நம்பினார்கள், வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

'ரெட் லகூன்' என்று போனில் ஆடுகிற ஒரு விளையாட்டு. நான்கு பேர் ஓர் அணி. தீவில் இறங்கி, புயல் வருவதற்குள் கடைசிப் படகைப் பிடித்துவிட வேண்டும். நடுவில் மற்ற அணிகள் சுட்டுத் தள்ளும். விழுந்தவன் அதோடு போனான் என்றில்லை, கூட்டாளி ஒருவன் பக்கத்தில் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தால் எழுந்துவிடுவான். ஆனால் மண்டியிட்டவனைச் சுடுவது எதிரிக்கு வெகு சுலபம். அதனால் கெட்டிக்காரர்கள் விழுந்தவனை விட்டுவிட்டுப் படகைப் பார்த்து ஓடுவார்கள். பனங்கிழங்கு ஓடாது. குண்டு மழை பெய்தாலும் போய் உட்கார்ந்து தூக்கிவிடும். அதிலேயே பாதி நாள் செத்தும் போகும். அந்த ஆட்டத்தில் பனங்கிழங்குக்கு இருந்த மரியாதை அத்தனையும் இப்படிச் சம்பாதித்ததுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோணியில் தடுக்கி விழுந்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தபோது பிடித்த பழக்கம் இது. பம்பாய்த் தமிழ் ஆட்டக்காரர்கள் குழு ஒன்றில் இந்த மூன்று பேர் கிடைத்தார்கள். வேல்ராஜ், ஆண்டாப் ஹில் பையன், அணிக்குத் தலைவன். உமைரா, தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவரின் மகள். அப்ரார் அவளுடைய மாமி மகன், செம்பூர்க்காரன். மூவரும் கல்லூரியில் படிக்கிறவர்கள். முதல் நாளே வேல்ராஜ் கேட்டான், "எந்த காலேஜ் பாய்?" நான் கடைக்காரன், எனக்கு வயது இத்தனை என்று அப்போதே ஒரு வரி அடித்திருக்கலாம். செல்லத்துரை ஒரு காலேஜ் பெயரை அடித்தார். கேட்ட கேள்வியே அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

"மைக் போடு" என்றார்கள். போட்டால் குட்டு உடைந்துவிடும். "அப்பா பக்கத்துல தூங்குறாரு, ஒரே ரூம்" என்று எழுதினார். மூன்று பேரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவர்கள் வீடும் ஒற்றை அறைதான், மத்தியானம் அங்கேயும் யாராவது கால் நீட்டித் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் மூவருக்கும் வரும் என்பதால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்பார் செல்லத்துரை. அவர்கள் பேசுவார்கள், இவர் எழுதுவார். அவர்கள் மூன்று பேரின் குரலும் இவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இவர் குரல் அவர்களுக்குத் தெரியாது. பெயர் கேட்டதற்கு, "கிழங்குன்னே கூப்பிடு, அப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவாரு" என்றார்.

அந்த அப்பா நன்றாக விற்கிற சரக்கு என்று தெரிந்துபோயிற்று. விற்கிற சரக்கை எந்தக் கடைக்காரர் நிறுத்துவார்? ஆட்டத்தின் நடுவில் வாடிக்கையாளர் வந்து ஷட்டரைத் தட்டினால், "அப்பா போனப் பிடுங்குறாரு." தூத்துக்குடிக்குத் துக்கத்துக்குப் போய்விட்டு வந்தால், "அப்பா போன ஒளிச்சு வச்சிட்டாரு." போன வருஷம் ஒரு பெரிய போட்டியின் தகுதிச் சுற்றில், படகு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், உளுந்து லாரி வந்து ஹார்ன் அடித்தது. போனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அணி தோற்றது. வேல்ராஜ் இந்தியில் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலம் செல்லத்துரை எழுதினார்: "அப்பா கையிலயே அடிச்சிட்டாரு. விரல் வீங்கிருக்கு."

திட்டு நின்றது. மூன்று பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள். செல்லத்துரைக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, அது உண்மை. ஆனால் மறுநாள் மத்தியானம் ஒன்றும் நடக்காததுபோல ஷட்டரைப் பாதி இறக்கினார், அதுவும் உண்மை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பி.கே.சி. மைதானத்தில் ரெட் லகூன் ரசிகர் திருவிழா என்று அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, நாள் முழுக்க. நாலு பேரும் நேரில் சந்தித்தே ஆக வேண்டும் என்று வேல்ராஜ் ஒற்றைக் காலில் நின்றான். அணிக்கு மஞ்சள் ஜெர்சி தைத்து, முதுகில் அவரவர் பெயர் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். "உன் அப்பாகிட்ட ஏதாவது சொல்லி வந்துருடா" என்றான்.

செல்லத்துரை முடிவு செய்தார். போய் உண்மையைச் சொல்லிவிடுவது. திட்டட்டும், சிரிக்கட்டும், அதன்பிறகாவது ஒளியாமல் மறையாமல் அவர்களோடு ஆடலாம். பருப்பு நிறுக்கும்போதெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தார். 'நான்தான் பனங்கிழங்கு. வயசு கூடிப்போச்சு. மனசுல வச்சுக்கிடாதிய.' ஞாயிற்றுக்கிழமை காலையில் மீசைக்கு மை தடவிக்கொண்டு நின்றவரைப் பார்த்து அவர் மனைவி பானுமதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பொண்ணு பாக்கவா போறிய?"

"சும்மா கெட. சின்னப் பிள்ளைகளப் பாக்கப் போறேன்."

"அதான் நீங்களும் சின்னப் பிள்ளையா மாறுதியளோ? கழுத்துல வழியுது, தொடைங்க."

பானுமதிக்கு எல்லாம் தெரியும். தாராவியிலேயே லேபர் கேம்ப் பகுதியில் இருந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர்தான். பிள்ளை இல்லை. மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கி ஓய்ந்துபோய் வெகுகாலம் ஆகிறது. மனுஷன் போனோடு சிரித்துக்கொண்டிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

பி.கே.சி. கூடாரத்துக்குள் காலை வைத்ததும் செல்லத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. புயல் வருவதற்கு முன்னால் ஆட்டத்தில் ஊதுகிற அதே சங்கு, நிஜமான சத்தத்தில், நெஞ்சுக்கூடு அதிர ஊதியது. ஆட்டத்தில் வருகிற மீனவர்கள், கொள்ளைக்காரர்கள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு பிள்ளைகள் அலைந்தார்கள். கூடாரத்தின் நடுவில் கடைசிப் படகு நின்றது. அசல் படகு அளவில் செய்திருந்தார்கள். பக்கவாட்டில் சிவப்புச் சாயம் உரிந்த இடத்தைக்கூட விடவில்லை. அந்த இடத்தைத் தடவிப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். வருஷக்கணக்காகத் தினமும் ஓடி ஓடிப் பிடித்த படகு.

பெரிய திரையில் யாரோ நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விழுந்தான், மற்ற மூவரும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். செல்லத்துரை தன்னை மறந்து, "ஏல, தூக்குல! அவனத் தூக்குல!" என்று கத்திவிட்டார். சுற்றி நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கையில் பட்டை கட்டிய ஊழியப் பெண் ஒருத்தி வந்து, மிகவும் மரியாதையாக, "அங்கிள், பேரன்ட்ஸ் பைட்னே கா ஜகா உதர் ஹை" என்று, பெற்றோர் உட்காருகிற மூலையைக் காட்டினாள். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர் வயதுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டார், விரலில் மை ஒட்டியது.

படகின் மறுபக்கம் மூன்று மஞ்சள் ஜெர்சிகள். முதுகைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. "கிழங்கு இன்னும் வரலடா" என்று ஒரு குரல் கேட்டது, அது அப்ரார். "வருவான், வருவான்" என்றது வேல்ராஜ். உமைராவின் கையில் நான்காவது ஜெர்சி மடித்து இருந்தது. மூன்று பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லத்துரை அவர்களைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். ஒருவர் கண்ணும் அவர்மேல் நிற்கவில்லை.

பக்கத்தில் போய் நின்றார். "தம்பி..." என்றார். வேல்ராஜ் திரும்பினான். நெட்டையாக, ஒல்லியாக, நினைத்ததைவிடச் சிறு பையனாக இருந்தான்.

"நான்... வந்து... பனங்கிழங்கு..."

அடுத்த வார்த்தை வருவதற்குள் வேல்ராஜ் கேட்டான், "கிழங்கோட அப்பாவா?"

செல்லத்துரையின் தலை ஆடியது. அவர் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது என்றுதான் பின்னால் பானுமதியிடம் சொன்னார். எப்படி ஆடினால் என்ன, ஆடிவிட்டது.

மூன்று முகங்களும் மாறின. சிரித்துக்கொண்டிருந்த வேல்ராஜ் அரை அடி பின்னால் போனான். அப்ரார் கைகளைக் கட்டிக்கொண்டான். உமைரா ஜெர்சியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், இவர் அதைப் பறித்துவிடுவார் என்பதுபோல.

"அவன் எங்க அங்கிள்?"

"கடையில... கடையப் பாத்துக்கிட்டு இருக்கான்."

"சண்டே கூடவா?" என்றான் அப்ரார்.

"சரக்கு வந்திருக்கு, அதான்..." வாயைத் திறந்தால் திறந்த அளவுக்கு மோசமாகிக்கொண்டே போனது.

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க? எங்கள மிரட்டவா?" என்றாள் உமைரா.

"இல்லம்மா, சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்..."

"என்ன பாக்கணும்?" அவள் குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல. "போன வருஷம் அவன் கையில அடிச்சீங்களே அங்கிள், ஞாபகம் இருக்கா? விரல் வீங்கிப்போச்சு. நாங்க விழுந்தா அந்தக் கையாலதான் அவன் எங்களத் தூக்கி விடுவான். அன்னிக்கு நான் வீட்டுல உக்காந்து அழுதேன். எங்க வாப்பா என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். 'அட்ரஸ் வாங்கும்மா, நான் போய் அவருகிட்டப் பேசுறேன்'னாங்க. கிழங்கு அட்ரஸே தரல. உங்க மேல அவனுக்கு அவ்ளோ பயம்."

அட்ரஸ் கேட்டது செல்லத்துரைக்கு ஞாபகம் இருந்தது. 'வேணாம் உமைரா, இன்னும் அடிப்பாரு' என்று எழுதினதும் ஞாபகம் இருந்தது.

"விடு உமைரா" என்றான் வேல்ராஜ். ஆனால் அவனாலும் விட முடியவில்லை. "அங்கிள், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா செத்தப்ப எங்க சொந்தக்காரங்க காரியத்தோட போயிட்டாங்க. உங்க பையன் மட்டும் தினம் மத்தியானம் மெசேஜ் போடுவான். 'சாப்டியாடா'ன்னு. அவ்ளோதான். ரெண்டு மாசம் போட்டான். நான் பதில் போடாட்டியும் போட்டான். அவன மாதிரி ஒருத்தன வீட்டுல வச்சுக்கிட்டு எப்படி அங்கிள் கை நீட்டத் தோணுது உங்களுக்கு?"

தன்னைப் பற்றி ஒருவன் இவ்வளவு உயர்வாகப் பேசி செல்லத்துரை இதுவரை கேட்டதில்லை. கேட்கிற நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள அவர் அங்கே இல்லை. நான்தானே அது, நான்தானே கேட்டேன் சாப்டியான்னு, என்று கத்திவிடலாம் போல இருந்தது. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். இந்தப் பெண் அழுதது பொய்க்காக. இவள் வாப்பா பதறியது பொய்க்காக. பக்கத்தில் வந்து நின்றதுமே சொல்லியிருந்தால் வயதை மறைத்த குற்றம் மட்டும்தான் இருந்திருக்கும். இந்தச் சில நிமிஷத்தில் அது எங்கேயோ போய்விட்டது. பிள்ளை பெறாத மனிதர், இல்லாத பிள்ளைக்காக மூன்று பேர் கண் கலங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினார்.

"இனிமே அடிக்க மாட்டேன்ம்மா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. அப்ரார் உமைராவின் கையிலிருந்த ஜெர்சியை வாங்கி இவரிடம் நீட்டினான். "இத அவன்கிட்டக் குடுத்துருங்க அங்கிள். ப்ளீஸ், கிழிச்சுப் போட்டுறாதீங்க."

முதுகில் இங்கிலீஷில் பனங்கிழங்கு என்று போட்டிருந்தது. ஒல்லிப் பையனுக்குத் தைத்த அளவு. செல்லத்துரை அதை வாங்கிக்கொண்டு நடந்தார். சங்கு மறுபடி ஊதியது. திரும்பிப் பார்த்தபோது அவர்கள் மூன்று பேரும் படகில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேராகத்தான் ஏறுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். பானுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இல்லாத பிள்ளைய அடிச்சேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கியளே, கிறுக்கா உங்களுக்கு?"

"அந்தப் பிள்ளை அழுதா பானு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அவள் ஜெர்சியை விரித்துப் பார்த்தாள். சின்னதாக இருக்கிறதே என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ ஜெர்சியின் தோளில் இருந்த ஒரு நூல் பிசிறைக் கடித்துத் துப்பிவிட்டு, மடித்து, தன் சேலைகளுக்கு மேலே பீரோவில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினாள்.

"நாளைக்கே வாயத் தொறந்து சொல்லிருங்க. வைதா வைஞ்சிட்டுப் போறாவ. அந்தப் பிள்ளைக எதுக்கு உங்களுக்காகத் துடிக்கணும்? பாவம்லா?"

மறுநாள் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி, மூட்டையில் சாய்ந்து, போனைத் திறந்தார். காலையிலிருந்தே செய்திகள் வந்து கிடந்தன. கிழங்கு, சேஃபா இருக்கியா? அப்பா ஏதாவது சொன்னாரா? நாங்க ஓவராப் பேசிட்டோம்டா, உன்ன அடிச்சாரா? ஒரு வார்த்தை பதில் போடு.

போனிலேயே அணி கூடுகிற ஆட்ட அறைக்குள் நுழைந்தார். மூன்று பெயர்களும் அங்கே பச்சையாக எரிந்துகொண்டிருந்தன, காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எழுதினால் மறுபடி ஒரு பொய்தான் வரும் என்று பயந்தார். மைக் படத்தின்மேல் இதுவரை அவர் விரல் பட்டதில்லை. தொட்டார். பனங்கிழங்கு என்ற பெயருக்குப் பக்கத்தில் முதன்முதலாக மைக் எரிந்தது.

"கிழங்கு!" உமைரா கத்தியே விட்டாள். "மைக் போட்டுட்டான்டா! பேசுடா, பேசு!"

"தம்பி வேல்ராஜு... நான்தான் பேசுதேன்."

யாருடைய அறையிலோ மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"அங்கிள்?" என்றான் வேல்ராஜ். "போன் எப்படி உங்ககிட்ட?"

"என் போனுதான் தம்பி. நான்தான் பனங்கிழங்கு. நேத்து சொல்லத்தான் வந்தேன், சொல்ல வாய் வரல. எனக்குப் பிள்ளையே கிடையாது. மூணு வருஷமா உங்ககூட ஆடுறது நான்தான். மன்னிச்சுக்கிடுங்க."

"அங்கிள், அவன் எங்க இருக்கான்?"

"அவன்னு யாரும் இல்ல தம்பி, சொல்லுதேன்லா. உங்கப்பா தவறுனப்ப சாப்டியான்னு கேட்டது நான்தான். பாலத்துக்குக் கீழ உமைராவத் தூக்கப் போயி ரெண்டு பேரும் செத்தோமே, அது நான்தான். அப்ரார் படகுல ஏறாம எனக்காகத் திரும்பி வந்தானே..."

"எல்லாம் சாட்ல இருக்கு" என்றான் அப்ரார் மெதுவாக. "நேத்து அவன்கிட்ட இருந்து போனப் பிடுங்கி முழுக்கப் படிச்சிருக்காரு."

"ஐயோ, இல்லப்பா!" செல்லத்துரையின் குரல் உயர்ந்துவிட்டது. பதற்றத்தில் உயர்ந்ததுதான். அந்தப் பக்கம் கேட்டவர்களுக்கு அது ஓர் அப்பாவின் அதட்டலாகத்தான் கேட்டிருக்கும்.

உமைரா அழ ஆரம்பித்தாள். "எங்க மேல தப்புதான் அங்கிள். நேத்து நாங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இனிமே அவனக் கூப்பிட மாட்டோம், ஆட வரச் சொல்ல மாட்டோம், சத்தியமா. அவன அடிக்காதீங்க. ஒரே ஒரு தடவ அவன்கிட்டப் போனக் குடுங்க. அவன் குரல நாங்க கேட்டதே இல்ல. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, போதும்."

"இதாம்மா அவன் குரல்" என்றார் செல்லத்துரை.

அப்ராரின் பெயர் அணைந்தது. அழுகைச் சத்தம் பாதியில் அறுந்து உமைராவின் பெயரும் அணைந்தது. வேல்ராஜ் கொஞ்ச நேரம் இருந்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது. தம்பி, தம்பி என்று இவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவனும் போனான். போன பிறகு எழுத்தில் ஒரு செய்தி வந்தது.

'கிழங்கு, போன் உன் கைக்கு எப்பவாச்சும் வந்தா இதப் படி. உங்கப்பா கையில இருக்கிற வரைக்கும் நாங்க இங்க பேச மாட்டோம், பேசினா உனக்குத்தான் அடி விழும். நீ பத்திரமா இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் இடத்துக்கு வேற யாரையும் சேக்க மாட்டோம்.'

செல்லத்துரை அதை இரண்டு தடவை படித்தார். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். பதில் எழுத விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இனி அவர் எதை எழுதினாலும் அப்பா எழுதியதாகத்தான் இருக்கும்.